நாரி நோவுக்குக் கிளிநொச்சியில் நம்பிப் போகக்கூடிய ஓர் இடம்

நாரி நோ, கழுத்துப் பிடிப்பு, தோள்மூட்டு இறுக்கம் என்று மசாஜுக்கு நல்ல இடம் தேடுகிற வன்னிச் சனத்துக்காக, அதிலும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். நான் குடும்ப நல உத்தியோகத்தர். ஊரில் மிட்வைஃப் மிஸ் என்றால்தான் தெரியும். விசுவமடு, தருமபுரம் பக்கத்துக் கிரவல் ஒழுங்கைகளில் ஸ்கூட்டி ஓடியே நாரி பழுதாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, எலும்பில் பிரச்சினை இல்லை, தசைப்பிடிப்புத்தான் என்று பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். அங்கே காட்டித் தந்த பயிற்சிகளை விடாமல் செய்கிறேன். அதோடு இடைக்கிடை போய் உருவிக்கொண்டு வருகிற இடம்தான் இது.

ஏ9 வீதியில் கந்தசுவாமி கோவிலுக்கும் கரடிப்போக்குச் சந்திக்கும் இடையில் ஓர் உள் ஒழுங்கையில் இருக்கிறது. வீடு ஒன்றின் முன்பக்கத்தைப் பிரித்து இரண்டு அறை போட்டிருக்கிறார்கள். பெண்களுக்கு ஒரு தங்கச்சி, ஆண்களுக்கு ஒரு தம்பி, அவ்வளவுதான் ஆட்கள். பெயரைப் போட வேண்டாம் என்று அந்தத் தங்கச்சி கேட்டுக்கொண்டார். சனம் கூடினால் அவசரப்பட்டு வேலை செய்ய வேண்டி வரும் என்பது அவருடைய கவலை. அந்தப் பக்கத்து ஓட்டோக்காரரிடம் கேட்டால் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள்.

மசாஜ் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் ஊரில் முகம் மாறும். மசாஜ் நிலையம் முற்றுகை என்று பேப்பரில் அடிக்கடி வருகிறபோது சனத்தைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் எண்ணெய் போட்டு உருவுவது எங்களுக்குப் புதிதா? பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் பூசி வெந்நீர் வார்த்த வீடுகள்தானே எல்லாம். பரியாரியாரின் நோவெண்ணெய்ப் போத்தல் இல்லாத வீடும் குறைவு. வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. ஆனால் பூட்டிய அறைக்குள் உடுப்பைக் குறைத்துக்கொண்டு முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் குப்புறப் படுக்கிறோம் என்றால், அந்த ஆளிடம் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். நான் முதலில் பார்க்கிறது அதைத்தான். கைப்பக்குவம் அதற்குப் பிறகு.

போனவுடன் ஒரு படிவம் தருகிறார்கள். பிரஷர், சீனி வருத்தம், இருதய வருத்தம், இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை குடிக்கிறீர்களா, ஒப்பரேஷன் நடந்ததா, கர்ப்பமா, எந்த எண்ணெயாவது உடம்புக்கு ஒத்துவராதா என்று கேள்விகள். இதெல்லாம் நல்ல இடங்களில் இருக்கக்கூடியதுதான். அதற்குக் கீழே ஒரு கேள்வி இருந்தது: ‘உடம்பில் செல் துண்டு, தகடு, ஆணி ஏதும் உண்டா? எங்கே?’ பக்கத்தில் ஓர் ஆள் உருவம், முன்பக்கமும் பின்பக்கமுமாகக் கீறியிருந்தது. வன்னியில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒருவரின் முதுகில் கை வைக்கக் கூடாது என்பதை யாரோ யோசித்துப் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்ததுமே எனக்கு இந்த இடத்தில் நம்பிக்கை வந்துவிட்டது.

எனக்குள்ளும் செல் துண்டு, அதாவது எறிகணைச் சிதறல், ஒன்று இருக்கிறது. 2009இல் போருக்குள் வந்தது, இடது தோள்பட்டைக்குக் கீழே. எடுத்தால் கூடாது என்று அப்போதே விட்டுவிட்டார்கள். படத்தில் அந்த இடத்தைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டேன். உள்ளே போய்ப் படுத்ததும் தங்கச்சி தன் விரலால் தேடவில்லை. “அக்கா, நீங்களே விரலை வைச்சுக் காட்டுங்கோ” என்றார். காட்டினேன். சின்னத் துணியொன்றை நாலாக மடித்து அந்த இடத்தில் வைத்தார். உருவிக்கொண்டு வருகிற கை அந்தத் துணியில் பட்டதும் தானாக விலகும். மற்றத் தோளில் கை எப்படி இறங்குகிறதோ அதே மாதிரி இந்தப் பக்கம் துணியைச் சுற்றிக்கொண்டு இறங்கியது. ஒரு தடவைகூட அது மேலே ஏறவில்லை.

படுக்கிறதற்கு முன்னால் எதை எதைச் செய்யப் போகிறார் என்று சொன்னார். நாரி, முதுகு, தோள், தேவையென்றால் தொடையின் பின்பக்கம். “தொடைக்கு வேண்டாமெண்டா வேண்டாம், இடையில சொன்னாலும் நிப்பாட்டுவன்.” எங்கள் வேலையில் இதைச் சம்மதம் பெறுதல் என்று படித்துக்கொடுப்பார்கள். படித்தவர்களே அவசரத்தில் மறக்கிறதை நான் லேபர் ரூமில் பார்த்திருக்கிறேன். இங்கே ஆரம்பத்தில் ஒரு கையெழுத்தோடு அது முடிந்துபோகவில்லை. வேறு இடத்துக்குக் கை போகிற ஒவ்வொரு முறையும் “இனி வலது பக்கம் வாறன்” என்று ஒரு சொல். போரைக் கண்ட உடம்புகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பின்னாலிருந்து திடீரென்று ஒரு கை பட்டால் பதறி எழும்புகிற பெண்களை எனக்குத் தெரியும். குப்புறப் படுத்தால் பங்கருக்குள் கிடந்தது மாதிரி மூச்சு முட்டுகிறது என்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்படியானவர்களுக்குக் கதிரையில் இருத்தி, தலையணையில் சாய வைத்துச் செய்கிறார்கள். கதவைப் பூட்டவா, சாத்தி மட்டும் வைக்கவா என்று உங்களிடம்தான் கேட்பார்கள்.

உடுப்பு மாற்றுகிறபோது அவர் வெளியே போய்விடுவார். கதவைத் தட்டி, நீங்கள் வரச் சொன்ன பிறகுதான் உள்ளே வருவார். உடம்பு முழுக்கப் பெட்சீற்றால் மூடியிருக்கும். வேலை செய்கிற பகுதி மட்டும் திறந்து, முடிந்ததும் மூடி, பிறகுதான் அடுத்த பகுதி. நகம் ஒட்ட வெட்டியிருந்தது, மோதிரம் இல்லை. என் கண்ணுக்கு முன்னாலேயே முழங்கைவரை சோப் போட்டுக் கழுவினார். எண்ணெயைப் பெரிய போத்தலுக்குள் கை விட்டு எடுக்காமல் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி வைத்து, மிஞ்சியதைக் கொட்டுகிறார். நான் மட்டும்தான் இதையெல்லாம் பார்க்கிற ஆள் என்று நினைக்கவில்லை. வருகிற பெண்களில் பாதிப்பேர் பார்ப்பார்கள், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

இதற்கு முன் வேறொரு நகரத்தில் ஓர் இடத்துக்குப் போயிருந்தேன். படிவம் இல்லை, கேள்வி இல்லை. நான் உடுப்பு மாற்றிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா கதவைத் திறந்துகொண்டு வந்தார். வேலை செய்துகொண்டே, எந்த உத்தியோகத்தரின் மனைவிக்கு என்ன வருத்தம், யாருக்குக் கர்ப்பப்பை எடுத்தது என்று கதை. அடுத்த ஆளிடம் என் கதையும் இப்படித்தான் போகும் என்று படுத்தபடியே நினைத்தேன். நோகுது என்றால் “நொந்தாத்தான் மாறும்” என்று இன்னும் அமத்தினார். அடுத்த நாள் நாரியின் இரண்டு பக்கமும் நீலம் பாரித்திருந்தது. போதாததற்கு, பத்துத் தடவைக்கு முற்பணம் கட்டினால் முள்ளந்தண்டில் விலகின டிஸ்க்கை உள்ளே தள்ளித் தருவதாகவும் சொன்னார்கள். கையால் உருவி டிஸ்க்கை உள்ளே தள்ள முடியாது. மசாஜ் தசையை இளக்கும், கொஞ்ச நாளைக்கு நோவைக் குறைக்கும், நல்ல நித்திரை தரும். நாரி நிலைத்து நிற்க நடையும் பயிற்சியும்தான் வேண்டும். அதற்கு மேல் ஒருவர் வாக்குக் கொடுத்தால் காசை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள்.

கிளிநொச்சித் தங்கச்சி படித்த சான்றிதழை மாட்டியிருக்கிறார். அதற்குப் பக்கத்தில் கையால் எழுதிய பலகை: ‘நாங்கள் வைத்தியர்கள் அல்ல. என்ன வருத்தம் என்று சொல்ல மாட்டோம். மருந்து தர மாட்டோம்.’ எண்ணெய்கூட விற்கிறதில்லை. இதை ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கத்தில் உருவிவிடுகிற எல்லோரையும் டொக்டர் என்று கூப்பிடுகிற பழக்கம் இருக்கிறது, அதைக் கேட்டுச் சிலர் உண்மையாகவே டொக்டர் ஆகிவிடுகிறார்கள். சித்த, ஆயுர்வேத, யூனானி வைத்தியர்களுக்கு 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பதிவு இருக்கிறது. பிசியோதெரபிஸ்ட்டுகள் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவர்கள். யாராவது தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டால் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக்கேடு இல்லை.

இனி நான் கண்ணால் கண்டது ஒன்று. மாரி, வயலில் பயிர் நின்ற நேரம். முன்னறையில் என் முறைக்காகக் காத்திருந்தேன். ஒரு வயல்காரப் பெடியன் வந்தான். அவன் தாயிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன், எந்த ஊர் என்று எழுத மாட்டேன். கெண்டைக்கால் இரண்டும் தொட ஏலாத உளைவு, இரண்டு நாளாக மேல் காய்கிறது, உருவிவிட்டால் சரிவரும் என்றான். கையில் காசும் வைத்திருந்தான். அந்தத் தம்பி அவனைக் கட்டிலுக்குக் கொண்டுபோகவில்லை. வாசல் வெளிச்சத்துக்குக் கூப்பிட்டுக் கண்ணைப் பார்த்தார். சிவந்திருந்தது.

“வயலுக்க இறங்கினனீங்களோ?”

“ஓம் அண்ணை, வரம்பு கட்டினது.”

“காலில காயம் கீயம்?”

“சின்ன வெட்டு ஒண்டு.”

“நான் உங்களைத் தொடமாட்டன். இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கோ. வயலுக்க நிண்டனான் எண்டு டொக்டரிட்டச் சொல்லுங்கோ, மறக்காதேங்கோ.”

ஓட்டோவையும் அவரே கூப்பிட்டுவிட்டார். காசு வாங்கவில்லை. எலிக்காய்ச்சல் என்ற சொல்லையே அவர் வாயில் எடுக்கவில்லை, வருத்தத்துக்குப் பெயர் வைக்கிறது தன் வேலை இல்லை என்பதால். ஆனால் என் மனதில் அதுதான் ஓடியது. எலியின் சிறுநீர் கலந்த சேற்றுத் தண்ணீர் காயத்தில் பட்டு வருகிற வருத்தம். காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை நோகும், கண் சிவக்கும், பிந்தினால் சிறுநீரகத்தையும் ஈரலையும் நுரையீரலையும் பிடிக்கும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அதனால் உயிர்கள் போனதை எல்லோரும் அறிவோம். அன்றைக்கு அந்தக் காலை எண்ணெய் போட்டு உருவி, இரண்டு நாள் பார்ப்போம் என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தால்? பெடியனை வாட்டில் மறித்தார்கள், எலிக்காய்ச்சல்தான், சுகமாகி வந்தான். வயலுக்கு இறங்குகிறவர்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தருகிற டொக்சிசைக்கிளின் குளிசையைச் சொன்ன மாதிரிக் குடியுங்கள் என்பதையும் இந்த இடத்தில் சொல்லாமல் விட என்னால் முடியாது.

டெங்கும் அப்படித்தான். உடம்பு முறிகிறது, உருவிவிடுங்கோ என்று காய்ச்சலோடு வருகிறவர்கள் மழைக்காலத்தில் நிறையவாம். காய்ச்சல் என்றால் இவர்கள் யாரையும் தொடுவதில்லை. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாக இருந்தாலும் தொடுவதில்லை. கொழும்பு பஸ்ஸில் இரவு முழுக்க மடங்கியிருந்து வந்த காலில், அல்லது பிள்ளை பெற்று ஆறு கிழமைக்குள் இருக்கிற தாயின் காலில், இரத்தக்கட்டி இருக்கலாம். அதை உருவினால் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போய்விடலாம். நாரி நோவோடு காலில் பலம் குறைந்தாலோ, இருக்கிற பகுதி மரத்தாலோ, சலம் போவது தெரியாமல் இருந்தாலோ மசாஜுக்கு வரவே கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிதான். இந்தக் கேள்விகளை எல்லாம் தங்கச்சி என்னிடமும் கேட்டார், நான் யார் என்று தெரிந்தும் விடவில்லை.

கர்ப்பிணிகளை என் பகுதியிலிருந்து அனுப்புவேனா என்று கேட்டால், கிளினிக்கில் டொக்டரிடம் கேட்ட பிறகு அனுப்புவேன். தங்கச்சி அவர்களை நிமிர்த்திப் போடாமல் இடது பக்கம் சரித்துத் தலையணை வைத்துத்தான் செய்கிறார், வயிற்றில் கை வைப்பதில்லை. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் தாயோ தகப்பனோ அறைக்குள் இருந்தே ஆக வேண்டும்.

இவர்களின் கடமையை மட்டும் பேசினால் பாதிக் கதைதான். படுக்கிற எங்களுக்கும் கடமை இருக்கிறது. என் மாமியை ஒருமுறை கூட்டிக்கொண்டு போனேன். கால் எரிவு. படிவத்தில் எல்லாவற்றுக்கும் “இல்லை” என்று சொல்லிக்கொண்டு வந்தார், சீனி வருத்தம் என்று சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். தங்கச்சி சண்டை பிடிக்கவில்லை. “அம்மா, கிளினிக் கொப்பி கொண்டு வந்தனீங்களோ?” என்று மட்டும் கேட்டார். என் பையில் இருந்தது, மாமியின் முகத்தைப் பார்த்தேன், அவரே எடுத்துக் கொடுக்கச் சொன்னார். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் ஒவ்வொரு கால்விரலாகத் தொட்டு, “பட்டா ஓம் எண்டு சொல்லுங்கோ” என்றார். பெருவிரலுக்கு ஓம் வந்தது. கடைசி இரண்டு விரலுக்கும் மாமி பேசாமல் இருந்தார், பஞ்சு பட்டுக்கொண்டே இருக்கிறது. உணர்ச்சி இல்லாத காலுக்குச் சூட்டு ஒத்தணம் கொடுத்தால் வெந்துபோனதும் தெரியாது, அந்தக் காயம் ஆறவும் ஆறாது. அன்றைக்கு ஒத்தணம் இல்லை, மெல்லத் தடவியதோடு சரி. விரல் மரப்பைக் கிளினிக்கில் காட்டச் சொல்லி ஒரு துண்டில் எழுதித் தந்தார். மாமி மறைத்தது நிலைத்திருந்தால் அந்தக் காலுக்கு யார் பொறுப்பு? தொட்டவர் மட்டும் இல்லை.

ஆகவே குடிக்கிற குளிசை எல்லாவற்றையும் சொல்லுங்கள், இரத்தம் உறையாமல் இருக்கத் தருகிற அஸ்பிரின், வோபரின் இரண்டையும் முக்கியமாக. குளித்துவிட்டுப் போங்கள், வயலால் நேரே வந்து படுக்காதீர்கள். சாப்பிட்ட கையோடு போகாதீர்கள். குடித்துவிட்டு வந்தால் வாசலோடு திருப்பி அனுப்புவார்கள். நோகுகிறபோது பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காமல் “காணும்” என்று சொல்லுங்கள். வர முடியாவிட்டால் முதல் நாளே அழைத்துச் சொல்லுங்கள், அந்த நேரத்துக்கு முழங்காவிலில் இருந்து வர நினைத்த ஒருவருக்கு இடம் கிடைக்கும்.

ஆண்களுக்கு ஒன்று. தம்பி இல்லாத ஒரு நாள், நல்லாய் உடுத்திய ஓர் ஐயா வந்து, பரவாயில்லை, கழுத்துக்கு மட்டும் தங்கச்சியே கதிரையில் வைத்துச் செய்யட்டும் என்று வற்புறுத்தினார். தங்கச்சி திரையைத் திறந்து வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய குரல் கேட்டது, சத்தமும் இல்லை நடுக்கமும் இல்லை: “ஐயா, நீங்கள் கேட்டது இங்க இல்லை. இதோட நிப்பாட்டுறன். சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வாங்கோ.” ஐயா தலையைக் குனிந்தபடி போனார். தங்கச்சி நேரத்தையும் நடந்ததையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தார். என்ன கேட்டார் என்று நான் விசாரிக்கவில்லை, விசாரித்தாலும் சொல்லியிருக்க மாட்டார். இப்போது தம்பி இல்லாத நாளில் ஆண்களுக்கு நேரம் கொடுப்பதில்லை. பிழை செய்தவர் ஒருவர், பாதிக்கப்படுகிறவர்கள் மற்ற ஆண்கள் எல்லோரும். ஆனாலும் அந்த முடிவு சரி என்றுதான் சொல்வேன்.

குறைகள் இருக்கின்றன. முதலில் படிவத்தை முன்னறையில் வைத்தே சத்தமாக வாசித்துக் கேட்டார்கள், எழுத்து வாசிக்க ஏலாதவர்களின் வருத்தம் எல்லாம் காத்திருக்கிறவர்களுக்கும் கேட்டது. நான் சொன்னேன். வீட்டுக்குப் போய்த் தாய்மாரைப் பார்க்கிற எனக்குத் தெரியும், மாமிக்கு முன்னால் மருமகள் உண்மை சொல்ல மாட்டாள். இப்போது உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கேட்கிறார்கள். படிவங்களைப் பூட்டுப் போட்ட அலுமாரியில் வைக்கிறார்கள், அதையும் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆனால் வாசலில் இரண்டு படி இருக்கிறது. சரிவுப்பாதை இல்லை. கால் இழந்தவர்களும் சக்கர நாற்காலியில் வாழ்கிறவர்களும் இத்தனை பேர் உள்ள மாவட்டத்தில், தோளுக்கும் கைக்கும் இந்த உதவி மிகவும் தேவைப்படுகிறவர்கள் அவர்கள்தான். நாள் முழுக்கச் சில்லை உருட்டுகிற தோள்கள் அவை. ஊன்றுகோலில் நடக்கிறவர்களின் தோளும் அப்படித்தான். தம்பி தூக்கி ஏற்றுவதாகச் சொன்னார். தூக்கி ஏற்றப்பட வேண்டிய தேவை இல்லாமல் தாங்களாகவே வரக்கூடிய வாசல்தான் அவர்களுக்குரிய மரியாதை. செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள், சீமெந்து விலை குறையட்டும் என்கிறார்கள். நான் போகிற நேரமெல்லாம் கேட்கிறேன். கழிப்பறையும் வெளியே, பின்வளவில். தொலைபேசி எடுக்கிறதும் குறைவு, வேலை நேரத்தில் எடுக்க மாட்டார்கள், மாலையில் திருப்பி அழைப்பார்கள்.

ஒரு மணித்தியாலத்துக்கு 3,000 ரூபா, நாரி அல்லது கழுத்து மட்டும் என்றால் 1,800. விலை சுவரில் இருக்கிறது, அதற்கு மேல் சந்தோசம் கொடுத்தாலும் வாங்குவதில்லை. புதன்கிழமை பூட்டு. முல்லைத்தீவுப் பக்கத்தால் வருகிறவர்கள் காலை பஸ்ஸில் வந்தால் மத்தியானத்துக்கு முன் முடித்துக்கொண்டு திரும்பலாம். கிளினிக் கொப்பியை மறக்காமல் கொண்டு போங்கள்.